வாஷிங்டன் விவிலிய அருங்காட்சியகம்: திரைகளும் மனிதர்களும்

கிறிஸ்தவ மரபையும் அதன் யூத வேர்களையும் நடந்தும் கேட்டும் தொட்டும் அறியும்படி அமைந்த காட்சிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2017 நவம்பரில் திறக்கப்பட்ட விவிலிய அருங்காட்சியகம். ஹாபி லாபி கடைகளை நடத்தும் கிரீன் குடும்பத்தாரின் முயற்சியால், பழைய குளிர்பதனக் கிடங்கொன்று 4,30,000 சதுர அடிப் பரப்புள்ள எட்டு மாடிக் கட்டடமாக உருமாறியது.

வாசலிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 40 அடி உயரமுள்ள வெண்கலக் கதவுகளில், ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அச்சுக்கோப்பில் உள்ளதுபோல இடவலம் மாறிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க முயன்று தடுமாறும்போதே அச்சுக்கோப்பவர் நாள்தோறும் எதைப் பார்த்து உழைத்தார் என்பது விளங்கிவிடும். உள்ளே குட்டன்பர்க் அச்சு இயந்திரத்தின் மாதிரியைக் கண்டால் மீதியும் தெளிவாகும்.

மூன்றாம் மாடியில் கதை சொல்லும் பகுதிகள் இருக்கின்றன. எபிரேய விவிலியப் பகுதியில் ஒளியும் ஒலியும் சூழ அறை அறையாக நகர்ந்து செல்கிறோம். நோவாவின் பேழை, எரியும் முட்செடி, இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்தது எல்லாம் வியக்கத்தக்க தொழில்நுட்பத்துடன் வந்துபோகின்றன. ஆனால் அங்கே கேள்வி கேட்க இடமில்லை; வியப்பு வேறு, கற்றல் வேறு என்றே எனக்குத் தோன்றியது. அதே மாடியில் முதலாம் நூற்றாண்டுக் கலிலேயச் சிற்றூரை நினைவூட்டும் நாசரேத்துப் பகுதியில், அக்கால உடையணிந்த வழிகாட்டிகள் கல்வீடுகளுக்கும் தொழுகைக்கூடத்துக்கும் நடுவே நின்று பேசுகிறார்கள். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். அன்றாடப் புழக்கப் பொருள்களைக் கொண்டு இயேசு சொன்ன உவமைகள், அப்பொருள்கள் புழங்கிய சூழலைக் கண்டபின் எளிதாகப் புரிகின்றன. இருபகுதிகளில் ஒன்றுக்கே நேரமிருந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

நான்காம் மாடியில், பல மொழிகளின் விவிலியங்கள் அடுக்கிய அறையில், இன்னும் மொழிபெயர்ப்புக் காணாத மொழிகளுக்கென எதுவும் அச்சிடப்படாத வெற்று நூல்கள் வைக்கப்பட்டுள்ளன. வேறெந்தக் காட்சியையும்விட இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மறைபணியாளர் சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்த வரலாற்றை அறிந்த தமிழருக்கு அந்த அலமாரி கூடுதலாகப் பேசும்.

சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழங்கால விவிலியச் சுவடிகளின் பகுதிகள் என்று கருதப்பட்ட, இங்கிருந்த சாக்கடல் சுருள் துணுக்குகள் பதினாறும் போலி என 2020இல் அறிவிக்கப்பட்டன. ஆய்வுக்குப் பணித்ததும் முடிவை வெளியிட்டதும் அருங்காட்சியகமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கு வைக்கப்பட்டிருந்த, பண்டைய மெசொப்பொத்தாமியக் காவியத்தின் ஒரு பகுதி பொறித்த களிமண் பலகையான கில்காமேஷ் கனவுப் பலகை, சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டது எனத் தெரியவந்து 2021இல் ஈராக்குக்குத் திரும்பியது. பழம்பொருள் எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதை விளக்கப் பலகையிலேயே தேடிப் படிக்கும் வழக்கத்தை இவ்விரண்டும் எனக்குள் வலுப்படுத்தியிருக்கின்றன.

பெயருக்கேற்ப நூலுக்கே இங்கு முதலிடம். தவக்காலம், திருவிருந்து, திருவழிபாட்டு ஆண்டு போன்ற திருச்சபை மரபுகளைத் தேடி வருபவர் அதை மனத்தில் கொள்வது நல்லது. முழுவதும் பார்க்க ஒருநாள் தேவை. குழந்தைகளுடன் செல்வோர் நாசரேத்திலிருந்து தொடங்கலாம். பங்கு விழாவுக்கோ ஞாயிறு பள்ளிக்கோ கண்காட்சி அமைப்பவர்கள் வெற்று நூல்கள் கொண்ட அந்த அலமாரியைக் கவனித்துப் பார்க்கட்டும்: அட்டையும் வண்ணத்தாளும் இருந்தால் மின்சாரமில்லாத கூடத்திலும் அதைச் செய்துவிடலாம்.