தையல் ஆங்கிலம்: பட அட்டையா, வீடியோவா, பேட்டர்ன் தாளா?

ஆடை, தையல் தொடர்பான ஆங்கிலச் சொற்களைக் கற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது பட அட்டைகளைத்தான். ஒரு பக்கம் சட்டையின் படம், மறுபக்கம் பெயர். காலர், கஃப், ஸ்லீவ், ஹெம் எல்லாம் சீக்கிரமே மனத்தில் ஏறிவிடும். அங்கி என்ற செயலியில் ஏற்றிவைத்தால் (தமிழ்க் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்) மறக்கும் தறுவாயில் அதுவே திரும்பக் கேட்கும். துணிக்கடையில் கேட்டு வாங்க இவ்வளவு போதும்.

தைப்பதற்குப் போதாது. தையல் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் எளிய பகுதி; ஆளைத் தடுக்கி விழவைப்பவை வினைகள். 'டேக் இன்' என்றால் பக்கங்களைப் பிடித்துத் தைப்பது, 'லெட் அவுட்' என்றால் தையலைப் பிரித்து அகலமாக்குவது, 'டேக் அப்' என்றால் நீளத்தைக் குறைப்பது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள், சேர்ந்தால் வேறு பொருள். இவற்றை எந்தப் படத்தில் காட்டுவது?

வீடியோ அந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. செயலும் சொல்லும் ஒரே நேரத்தில் வருகின்றன. அதைவிட முக்கியம் உச்சரிப்பு. தைப்பதற்கான வினையை எழுத்தைப் பார்த்து 'ஸ்யூ' என்று படித்தால், அது வழக்குத் தொடுப்பதாகிவிடும். 'ஸோ' என்பதே சரி. இதைக் காதால்தான் பிடிக்க முடியும். ஆனால் கண் எல்லாவற்றையும் புரிந்துகொள்வதால் காது சோம்பிவிடுகிறது. தைப்பவரும் "இதை இப்படி மடித்து, இங்கே வைத்து" என்று கையால் காட்டியே பேசிவிடுவார். தலையணை உறை தைக்க வந்துவிடும், ஆங்கிலம் வராது.

என் ஓட்டு பேட்டர்ன் தாளுக்கு. துணியை வெட்டுவதற்கான காகித அச்சுகளோடு வரும் அந்தக் குறிப்புத் தாள் சுருக்கமான கட்டளை வாக்கியங்களால் ஆனது. ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் போக முடியாது. 'ரைட் சைட்ஸ் டுகெதர்' என்றால் வலது பக்கங்கள் அல்ல, இரு துணிகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பது. 'கட் ஒன் ஆன் ஃபோல்ட்' என்றால் துணியை மடித்து, அச்சின் விளிம்பை மடிப்பின் மேல் வைத்து வெட்டுவது. மடிப்பிலேயே வெட்டினால் ஒரு துண்டு இரண்டாகிவிடும். 'ஈஸ்' என்பது உடல் அளவுக்கு மேல் ஆடையில் விடும் தளர்வு. தையலுக்கு விடும் ஓரம் பல தாள்களில் 5/8 அங்குலம், அதாவது சுமார் 1.5 செ.மீ.; பின்ன எண்ணை ஆங்கிலத்தில் படிக்கும் பயிற்சியும் கூடவே கிடைக்கிறது. தப்பாகப் புரிந்துகொண்டால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். இப்படி உடனுக்குடன் திருத்தும் ஆசிரியர் மற்ற இரண்டு வழிகளிலும் இல்லை.

குறையும் உண்டு. முதல் தாள் மிகவும் மெதுவாக நகரும், அகராதியைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருக்கும். பொது அகராதியில் தையல் பொருள் கடைசியாகத்தான் கிடக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒரு வம்பு உண்டு: பிரிட்டனும் அமெரிக்காவும் ஒத்துப்போவதில்லை. 'பேன்ட்ஸ்' அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. 'வெஸ்ட்' பிரிட்டனில் உள்பனியன், அமெரிக்காவில் சட்டைமேல் அணியும் கையில்லாக் கோட்டு. பின்னால் பிரித்துவிடும் தற்காலிகத் தையலைப் பிரிட்டனில் 'டேக்கிங்' என்பார்கள், அமெரிக்காவில் 'பேஸ்டிங்' என்பார்கள். ஆயத்த அட்டைகள் பலவற்றில் எது எந்த ஊர் வழக்கு என்ற குறிப்பே இருக்காது. தாளில் வெளியிட்ட நாட்டைப் பார்த்து ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆகவே தைக்கத் தெரிந்தவர்கள் நேரே தாளுக்குப் போகலாம். கோட்டு வேண்டாம்; இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாவாடைத் தாள் ஒன்றை எடுங்கள், துண்டுகளும் குறைவு, வாக்கியங்களும் குறைவு. அதில் தடுமாறிய சொற்களை மட்டும் அட்டையில் எழுதுங்கள், தனிச் சொல்லாக அல்ல, முழு வாக்கியமாக. உச்சரிப்பில் ஐயம் வந்தால் அந்தச் சொல்லுக்காக மட்டும் வீடியோவைத் திறங்கள். தையலே புதிது என்றால் வரிசையை மாற்றி வீடியோவில் தொடங்குவதுதான் நல்லது. மொழியும் கைவேலையும் சேர்ந்து மிரட்டினால் துணி மடித்தபடியே அலமாரிக்குப் போய்விடும்.