டெக்கா எல்.கே. 4804: சிவப்பு லேபிள் மோனோவுக்கு இவ்வளவு விலை தகுமா?

பிரிட்டிஷ் ப்ளூஸ் ராக் ரெக்கார்டு சேர்ப்பவர்களிடம் 'பீனோ ஆல்பம்' என்றால் போதும், எதைச் சொல்கிறோம் என்று தெரிந்துவிடும். ஜான் மேயாலின் ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழுவும் எரிக் கிளாப்டனும் சேர்ந்து செய்து, 1966 ஜூலையில் டெக்கா என்ற பிரிட்டிஷ் ரெக்கார்டு நிறுவனம் வெளியிட்ட எல்.பி. அது. அட்டைப்படத்தில் கிளாப்டன் பீனோ என்ற பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. தயாரிப்பு மைக் வெர்னன், ஒலிப்பதிவு கஸ் டட்ஜன். பாஸ் வாசித்த ஜான் மெக்வீ பின்னாளில் ஃப்ளீட்வுட் மேக் குழுவுக்குப் போனவர்.

அரிய தட்டு என்று விற்பவர்கள் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும். பிரிட்டிஷ் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறிய ஆல்பம் இது. நிறைய விற்றது, இன்றும் நிறையக் கிடைக்கிறது. தேயாத பிரதி கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. அன்றைக்கு இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) வைத்த பெட்டி பிளேயரில், ஐந்து கிராமோ அதற்கு மேலோ அழுத்தும் முள்ளில், 'ஹைட்அவே'யை மறுபடி மறுபடி போட்டுத் தேய்த்திருப்பார்கள். இந்த மதிப்புரை முழுக்க அந்தத் தேய்மானத்தைச் சுற்றித்தான்.

முதலில் அடையாளம். இங்கிலாந்தில் 1966இல் வந்தது மோனோ மட்டுமே, எண் எல்.கே. 4804. ஸ்டீரியோவான எஸ்.கே.எல். 4804 அங்கே 1969இல்தான் கடைக்கு வந்தது. ஆகவே "1966 முதல் அச்சு ஸ்டீரியோ" என்று ஒரு பிரிட்டிஷ் பிரதிக்கு விளம்பரம் வந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். டெக்காவில் மோனோவுக்குச் சிவப்பு லேபிள், ஸ்டீரியோவுக்கு நீலம். 1966 லேபிளில் டெக்கா என்ற பெயர் கட்டம் எதுவும் இல்லாமல் வெள்ளி எழுத்தில் இருக்கும். பெயரைச் சுற்றிச் சின்னப் பெட்டி போட்டிருந்தால் அது எழுபதுகளை ஒட்டிய அச்சு. பழைய அட்டைக்குள் பெட்டி லேபிள் தட்டைச் செருகி முதல் அச்சு விலைக்குத் தள்ளிவிடுவது ரொம்பச் சாதாரணம். அட்டைப் படம் மட்டும் அனுப்பினால் போதாது, இரண்டு பக்க லேபிள் படத்தையும் கேளுங்கள்.

அடுத்து, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கும் வெற்று வளையம். தட்டைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துகள் தெரியும். மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பக்கத்துக்கு டெக்கா கொடுத்த அடையாள எண், எக்ஸ்.ஏ.ஆர்.எல். என்று தொடங்கினால் மோனோவுக்கு வெட்டியது, எக்ஸ்.இசட்.ஏ.எல். என்றால் ஸ்டீரியோ. எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் வரும். இலக்கம் எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்கிறது. எழுத்து, லாக்கரை, அதாவது இசையை முதன்முதலில் பள்ளமாக வெட்டும் மூலத் தட்டை, வெட்டிய பொறியாளரின் அடையாளம்.

மேட்ரிக்ஸ் எண் கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்துக்கு வருமாறு தட்டைத் திருப்புங்கள். 9 இருக்கும் இடத்தில் உள்ள இலக்கம் மதர் எண்; மதர் என்பது ஸ்டாம்பர்களை எடுக்கும் உலோக நகல். 3 இருக்கும் இடத்தில் உள்ள எழுத்துகள் ஸ்டாம்பர் எண்; ஸ்டாம்பர் என்பது தட்டுகளை அடிக்கும் உலோக அச்சு. இதை டெக்கா 'பக்கிங்ஹாம்' என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லால் மறைத்து எழுதியது: பி 1, யூ 2, சி 3, கே 4, ஐ 5, என் 6, ஜி 7, ஹெச் 8, ஏ 9, எம் 0. 'சி கே' என்று இருந்தால் 34ஆவது ஸ்டாம்பர். 'பி' மட்டும் தனியாக இருந்தால் முதலாவது. 12 இருக்கும் இடத்தில், அல்லது லேபிளில் துளைக்கு அருகில், கொள்முதல் வரிக் குறியீடாக இரண்டு எழுத்துகள் இருக்கலாம். அந்த வரி 1973 ஏப்ரலில் ஒழிந்தது. எனவே குறியீடு இருந்தால் தட்டு அதற்கு முந்தையது என்பது உறுதி. 1966தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சின்ன ஸ்டாம்பர் எண்ணுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு ஸ்டாம்பரும் தட்டுகளை அடிக்க அடிக்கத் தேய்கிறது. முதல் ஸ்டாம்பரின் கடைசித் தட்டைவிட இருபதாவது ஸ்டாம்பரின் முதல் தட்டு தெளிவாக ஒலிக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பணத்தைத் தட்டின் நிலைமைக்குக் கொடுங்கள்.

நிலைமையைச் சோதிப்பதில் இந்தத் தட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாப்டன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்டூடியோவே அலறும்படி ஒலியை ஏற்றி வாசித்தார். கிட்டார் ஒலி பிறவியிலேயே கரகரப்பானது. எனவே கிட்டார் சோலோவைக் கேட்டுத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் "அது அந்தக் காலத்து சவுண்டு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். குரலையும் ஹார்மோனிகாவையும் கேளுங்கள். முதல் பக்கத்தின் நான்காவது பாட்டு 'அனதர் மேன்'. அதில் மேயாலின் குரலும் ஹார்மோனிகாவும் கைத்தட்டலும்தான், மறைந்துகொள்ள வேறு வாத்தியம் இல்லை. ஹார்மோனிகாவின் உச்ச ஸ்வரத்தில் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சிராய்ப்பு கேட்டால் முள் ஓடும் பள்ளத்தின் சுவர் போய்விட்டது. அழுக்கு என்றால் டிக் டிக் என்று அங்கங்கே தெறிக்கும், கழுவினால் குறையும். சிராய்ப்பு ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், எதைக் கொண்டும் போகாது.

பிறகு பக்கங்களின் கடைசிப் பாட்டுகள்: 'வாட்ட் ஐ சே', 'இட் எய்ன்ட் ரைட்'. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே, மையத்திலிருந்து 6 சென்டிமீட்டரில், அது 21ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன, தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் உறைக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டியது இந்த மூன்று இடங்களின் ஒலிப்பதிவுதான். கண்ணுக்குப் பளபளவென்று தெரிகிற தட்டு தேய்ந்திருக்கலாம். மெல்லிய கோடுகள் தெரிகிற தட்டு அமைதியாக ஓடலாம்.

தரக் குறியீட்டிலும் ஒரு வலை உண்டு. பிரிட்டிஷ் விற்பனையாளர்களில் பலர் ரெக்கார்டு கலெக்டர் இதழின் முறையைப் பின்பற்றுகிறார்கள். அதில் மின்ட்டுக்கு அடுத்தபடி எக்ஸலன்ட், அதற்கடுத்து வெரி குட். ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளம், கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழின் முறையில் நடக்கிறது. அங்கே நியர் மின்ட், வெரி குட் பிளஸ் என்று கூடுதல் படிகள் உண்டு. எந்த முறை என்று கேட்காமல் 'வெரி குட்' தட்டு வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதுதான்.

அட்டை: முன்பக்கம் லேமினேட் செய்த தாள், பின்பக்கத்தின் ஓரங்களில் மடித்து ஒட்டியிருக்கும். நீல் ஸ்லேவன் எழுதிய குறிப்பு இருக்கும் பின்பக்கம் லேமினேஷன் இல்லாத வெறும் தாள், மஞ்சளாகாத பிரதி அபூர்வம். மடிப்புகளில் லேமினேஷன் உப்பியிருப்பது இயல்பு. அதை ஒட்ட முயலாதீர்கள்.

ஒலி எப்படி? நல்ல பிரதியில், சரியாக வாசித்தால், அபாரம். மோனோவில் கிட்டாரும் ஆர்கனும் டிரம்ஸும் ஒரே கட்டியாக முன்னால் தள்ளிக்கொண்டு வருகின்றன. 'ஹேவ் யூ ஹெர்ட்' சோலோ தொடங்கும்போது மொத்தக் குழுவும் ஓர் அடி முன்னே நகர்ந்தது போல இருக்கும். ஸ்டீரியோவில் கருவிகள் பிரிந்து நிற்கின்றன, அந்த அடர்த்தி கரைந்துவிடுகிறது.

"சரியாக வாசித்தால்" என்பதற்கு வருவோம். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே உண்டு. மேலும் கீழுமான அசைவு எல்லாம் சத்தம். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் போட்டாலே சலசலப்பு சட்டென்று இறங்குவது கேட்கும். சுவிட்ச் இல்லையென்றால் டெனான் டி.எல். 102 போன்ற மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். அது 3 கிராம் அழுத்தம் கேட்கும், மிக இலேசான டோன் ஆர்முக்கு (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்கு) ஒத்துவராது.

போடும் முன் கழுவ வேண்டும். 750 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 250 மில்லி ஐசோப்ரோபைல் ஆல்கஹால், போட்டோ கழுவுபவர்கள் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் மூன்று நான்கு சொட்டு. பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே ஓட்டி, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் காய்ந்த படிவம் முள்ளில் பஞ்சு மாதிரி சேரும். லேபிளில் ஈரம் படக் கூடாது.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெட்டி லேபிள் மோனோவைத் தேடுங்கள். தேய்ந்த 1966 பிரதியைவிட அமைதியான பெட்டி லேபிள் பிரதி எல்லா வகையிலும் மேல், விலையும் கணிசமாகக் குறைவு. எதை வாங்கினாலும், தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் ஒரு குலுக்கலில் தட்டின் விளிம்பு அட்டையின் அடித்தையலைக் கிழித்துவிடும்.