நோய்க்கு ஒரு இயந்திரமா, எல்லா நோய்க்கும் ஒன்றா?

காசநோயைக் கண்டறியவென்று வாங்கிய ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பரிசோதனை இயந்திரத்தை நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்பார்கள். சளியை வேதிக் கரைசலில் கலந்து, 15 நிமிடம் வைத்து, கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பரிசோதனைக் குப்பியில் ஊற்றி இயந்திரத்தில் செருகினால், இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் அதே இயந்திரம் எச்ஐவி வைரஸ் அளவு, ஹெபடைடிஸ் சி, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்று மற்றதையும் பார்க்கும்.

அப்படியிருந்தும் நோய்க்கு ஒரு இயந்திரம் என்று வைப்பதில் ஒரு நிம்மதி உண்டு. யார் பொறுப்பு, யார் பணம் என்ற குழப்பம் இல்லை. ஆனால் ஒரு இயந்திரம் பாதி நாள் சும்மா கிடக்க, பக்கத்து அறையில் இன்னொரு நோய்த் திட்டத்தின் மாதிரிகள் வெளியூர் போகக் காத்திருக்கும். குளிர்சாதனம், யுபிஎஸ், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாமே இரட்டைச் செலவு.

சரி, ஒரே இயந்திரத்தை எல்லா நோய்த் திட்டங்களும் பகிர்ந்தால்? இடம் போதாமல் போகலாம். பரவலாக உள்ள இயந்திரத்தில் ஒரே நேரத்தில் நான்கு கார்ட்ரிட்ஜ்தான் ஓடும். 2020இல் சிபிநாட், அதைப் போன்ற இன்னொரு இயந்திரமான ட்ரூநாட் இரண்டும் கோவிட் பரிசோதனைக்குத் திருப்பி விடப்பட்டன. இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் 2019இல் சுமார் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். இந்தச் சரிவுக்கு ஊரடங்கும் பெரிய காரணம்தான். ஆனாலும் அந்த எண் என்னை உறுத்துகிறது.

என் ஓட்டு பகிர்வதற்கே. ஆனால் நான்கில் இரண்டு இடம் காசநோய்க்கு என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.