மினியாபொலிஸ் பனியில் காரை எங்கே நிறுத்துவது? மாணவர்களுக்கான ஓர் ஒப்பீடு

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்பவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் மினியாபொலிஸில் வந்து இறங்குகிறார்கள். ஊர் பச்சைப்பசேல் என்றிருக்கும். தெருவெங்கும் காலியிடம். லீஸில் கையெழுத்துப் போடும்போது "பார்க்கிங் வேண்டுமா?" என்று கேட்டால், வெளியே இவ்வளவு இடம் இருக்கையில் எதற்குத் தண்டச் செலவு என்றுதான் தோன்றும். ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 51 அங்குலம் பனி விழும் ஊர் அது. 2022-23 குளிர்காலத்தில் 90 அங்குலத்தைத் தாண்டியது. ஜனவரியில் இரவு வெப்பநிலையின் சராசரியே மைனஸ் 13 செல்சியஸ்.

கார் நிறுத்தும் இடம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். பனி கொட்டி முடித்த பிறகு அந்த இடத்தை யார் வாரப்போகிறார்கள், அதற்காக நான் எத்தனை மணிக்குக் காரை எடுத்தாக வேண்டும்? மாத வாடகையெல்லாம் அதற்கப்புறம்தான்.

தெரு

பல குடியிருப்புத் தெருக்களில் காசு கிடையாது. சில பகுதிகளில் அங்கே குடியிருப்பவர்களுக்கான பெர்மிட் வேண்டும்; பலகையைப் படித்தால் தெரிந்துவிடும். கேம்பஸுக்கு அருகிலுள்ள கோமோ, மார்சி-ஹோம்ஸ் பகுதிகளில் குடியிருக்கும் மாணவர்களில் நிறையப் பேர் தெருவை நம்பித்தான் கார் வாங்குகிறார்கள்.

பனி பலமாக விழுந்தால் நகராட்சி 'ஸ்னோ எமர்ஜென்சி' அறிவிக்கும். மாலை 6 மணிக்குள் அறிவிப்பு வந்துவிடும், அன்றிரவு 9 மணிக்கு விதிகள் தொடங்கிவிடும். முதல் நாள் இரவு 9 முதல் மறுநாள் காலை 8 வரை, எமர்ஜென்சி வழித்தடம் என்று குறித்திருக்கும் சாலைகளில் இரண்டு பக்கமும் நிறுத்தக் கூடாது. சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை, மற்ற தெருக்களில் இரட்டைப்படைக் கதவெண் உள்ள பக்கம் காலியாக இருக்க வேண்டும். பூங்காக்களை ஒட்டிப் போகும் பார்க்வே சாலைகளில் இரு பக்கமும். மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒற்றைப்படைப் பக்கம். தெருவை முழுவதும் வாரி முடித்துவிட்டால் அந்த நேரத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இந்த 'முழுவதும்' என்பதில்தான். பனி வாரும் ப்ளோ வண்டி நடுவில் ஒரு முறை போய்விட்டால் வேலை முடிந்ததாக எண்ணி நிறுத்துவார்கள். ஓரக் கல் வரை வாரியிருந்தால்தான் கணக்கு.

படிக்கத் தலை சுற்றினாலும் இந்த விதிகள் வெளிப்படையானவை. எல்லோருக்கும் ஒன்றே; குறுஞ்செய்தியிலும் செயலியிலும் அறிவிப்பு வரும். இரண்டு முறை பழகிவிட்டால் மனப்பாடம் ஆகிவிடும். அதனால் தெருவை நான் அடியோடு ஒதுக்க மாட்டேன்.

ஆனால் தெரு உங்களிடம் நேரத்தை வாங்கிக்கொள்ளும். அறிவிப்பு வரும் மாலையில் நீங்கள் லேபில் இருக்கலாம், மறுநாள் காலை 8 மணிக்குப் பரீட்சை இருக்கலாம். சரி, கிளம்பிப் போனாலும் கார் ஸ்டார்ட் ஆக வேண்டுமே. சுழியம் ஃபாரன்ஹீட்டில், அதாவது மைனஸ் 18 செல்சியஸில், கார் பேட்டரி தன் வலுவில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இழந்துவிடும். பழைய கார், பழைய பேட்டரி என்றால் காரை நகர்த்தியே ஆக வேண்டிய காலையில்தான் அது கைவிரிக்கும். போதாததற்கு, ப்ளோ வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனி உங்கள் காரின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டி நிற்கும். அன்றே வெட்டி எடுத்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஓர் இரவு விட்டுவிட்டால் இறுகி ஐஸ் ஆகிவிடும்; சாதாரண பிளாஸ்டிக் ஷவல் அதில் இறங்காது.

நகர்த்தாமல் விட்டால் காரை டோ செய்து, அதாவது கட்டி இழுத்து, பிடித்த கார்களை வைக்கும் இம்பவுண்ட் லாட்டுக்கு, டவுன்டவுனுக்கு மேற்கே, கொண்டுபோய்விடுவார்கள். இழுவைக் கட்டணம், நாள் கணக்கில் வைப்புக் கட்டணம், அபராதச் சீட்டு என்று மூன்றையும் கட்டி மீட்க வேண்டும். ஓர் இரவு அயர்ந்தால் ஒரு மாத கேரேஜ் வாடகை போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம். பனி அளவுக்கு மீறிக் குவிந்த 2023 தொடக்கத்தில், தீயணைப்பு வண்டி நுழைய வழி வேண்டும் என்று குடியிருப்புத் தெருக்களில் ஒரு பக்கம் நிறுத்தவே கூடாது என்று நகராட்சி தடை போட்டது. தெருவில் கார் நிறுத்தும் இடம் பாதியாகச் சுருங்கியது. இரண்டாவது, திருட்டு. சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் மாடல்களைக் குறிவைத்து 2022-லும் 2023-லும் இந்த ஊரில் ஏராளமான கார்களைத் திருடினார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த நிறுவனங்களின் பழைய மாடல் வாங்கித் தெருவில் விடப்போகிறவர்கள் அதில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திறந்த லாட்

டிங்கிடவுன், கோமோ பக்கத்துப் பழைய வீடுகளின் பின்புறம், சந்து ஓரமாக நான்கைந்து கார் நிற்கும் இடம் இருக்கும். கேரேஜைவிட மலிவு, சில வீடுகளில் வாடகையோடு சேர்ந்தே வரும். கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போவது இதுதான். தெரு, லாட், கேரேஜ் என்ற மூன்றில் நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதைத்தான்.

காரணம், இங்கே விதி எழுதுவது வீட்டு உரிமையாளர். எத்தனை அங்குலம் விழுந்தால் ஆள் வருவான், எப்போது வருவான் என்பதெல்லாம் அவர் பேசி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரைப் பொறுத்தது. காலை 7 மணிக்கு "9 மணிக்குள் எல்லா காரையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டோ" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். எடுத்து எங்கே போவது? தெருவுக்குத்தான். அன்று தெருவில் ஸ்னோ எமர்ஜென்சியின் இரண்டாம் நாள் நடந்துகொண்டிருக்கும்; பாதித் தெருவில் நிறுத்த முடியாது, மீதிப் பாதியில் ஏற்கெனவே கார்கள் நெருக்கியடித்து நிற்கும். லாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுத் தெருவின் அலைச்சலையும் சேர்த்துப் படுகிறீர்கள்.

வாரிய பனி எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். லாட்டின் மூலையில்தான் குவிப்பார்கள். குளிர் விடாததால் அது உருகாது. அடுத்த பனி அதன் மேலேயே ஏறும். ஆகஸ்ட்டில் ஐந்து கார் நின்ற லாட்டில் பிப்ரவரியில் நான்கு கார்தான் நிற்கும். இடங்களுக்கு எண் போட்டிருக்காவிட்டால் ஐந்தாவது ஆள் இரவு 11 மணிக்கு வீடு திரும்பும் ஆளாகத்தான் இருப்பார். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் டாண்டம் இடம் என்றால், முன்னால் நிற்பவர் கிளம்ப வேண்டுமானால் பின்னால் நிற்பவர் எழுந்து வந்து தன் காரைத் தோண்டி எடுக்க வேண்டும். நல்ல ரூம்மேட்களுக்குள்ளேயே இதனால் பேச்சு நின்றுபோகும்.

அதற்காக லாட் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கென்று எண் போட்ட இடம் உண்டா, எவ்வளவு பனிக்கு வாருவீர்கள், எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வீர்கள், அந்த நேரத்தில் காரை எங்கே வைப்பது என்று லீஸுக்கு முன்பே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் கொடுக்கும் காசுக்கு லாட்டை மிஞ்ச ஆளில்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற ரகப் பதில் என்றால் அந்த லாட்டைத் தெருவுக்கும் கீழேதான் வைப்பேன்.

கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கேரேஜ்

ஸ்டேடியம் வில்லேஜ், டிங்கிடவுனில் எழும்பியிருக்கும் புதுக் கட்டடங்களில் கிடைக்கும். வாடகை போக மாதம் 100 டாலருக்கு மேல் தனியாகக் கேட்பது சாதாரணம். புதுக் கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதியை மினியாபொலிஸ் நகர மன்றம் 2021 மே மாதம் அடியோடு எடுத்துவிட்டது. அதனால் எல்லா வீட்டுக்கும் ஓர் இடம் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு வேறு, கார் இடம் வேறு.

ப்ளோ அறிவிப்பு எதுவும் உங்களைத் தொடாது, கண்ணாடியைச் சுரண்ட வேண்டாம், பேட்டரி உறையாது. சூடேற்றிய கேரேஜா, வெறுமனே மூடிய கேரேஜா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 25-இல் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரு குறையும் இருக்கிறது. சாலை உப்போடு ஒட்டிவரும் பனி கேரேஜ் சூட்டில் உருகி, காரின் அடிப்பாகத்தில் உப்புநீராக நிற்கும். உறைநிலையைவிட அந்த ஈரச்சூட்டில் துரு வேகமாகப் பிடிக்கும். அவ்வப்போது அடிப்பாகத்தைக் கழுவியே ஆக வேண்டும். எந்த கேரேஜானாலும் கதவை மூடிவைத்து எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

மேப்பிள்வுட்டில் இருக்கும் 3எம், ஃப்ரிட்லியில் இருக்கும் மெட்ரானிக் மாதிரி புறநகருக்குத் தினமும் வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ போகிறவர்களுக்கு கேரேஜ்தான் என் முதல் தேர்வு. வாரம் ஒரு முறை மளிகைக்கு மட்டும் கார் எடுப்பவருக்கு அது அநியாயச் செலவு. மூன்று பேர் சேர்ந்து ஒரு கார், ஒரு கேரேஜ் இடம் என்று பங்கு போட்டால் கட்டுப்படியாகும்.

பல்கலைக்கழகத்தின் ராம்ப்களில், அதாவது பல மாடி பார்க்கிங் கட்டடங்களில், மாத ஒப்பந்தமும் உண்டு. குளிரில் அங்கிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும், ஆட்ட நாட்களில் ஸ்டேடியத்தைச் சுற்றித் தொந்தரவு இருக்கும். கேம்பஸ் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

முதல் குளிர்காலத்துக்குக் கார் தேவையா என்பதையும் கேட்டுப்பாருங்கள். 2022 இலையுதிர் பருவத்திலிருந்து மாணவர் கட்டணத்திலேயே பேருந்து, ரயிலுக்கான யூனிவர்சல் டிரான்சிட் பாஸ் சேர்ந்துவிட்டது. கேம்பஸுக்குள்ளேயே நிற்கும் கிரீன் லைன் ரயில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரண்டு ஊர்களின் டவுன்டவுனுக்கும் போகும். கோமோ அவென்யூவில் 3-ஆம் எண் பேருந்து ஓடுகிறது. புறநகரான மேப்பிள் குரோவில் இருக்கும் இந்துக் கோயிலுக்குப் போகத்தான் கார் இல்லாத குறை தெரியும். அதற்கு மணிக்கணக்கில் வாடகைக் கார் எடுத்து நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். இந்த ஊர்ப் பனியை ஒரு முறை பார்த்துவிட்டு, மார்ச்சுக்கு மேல் கார் வாங்குபவர்களே பார்க்கிங்கை நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரு சரிப்படவே படாது. ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தெருவில் கார் நிற்கக் கூடாது என்பது பனி விழாத நாளுக்கும் பொருந்தும் நகர விதி. காரை வெளியூர் எடுத்துப்போகும் நண்பரின் கேரேஜ் இடத்தை அந்த ஒரு மாதத்துக்கு, கட்டட மேலாளருக்கும் சொல்லிவிட்டு, வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அது வாய்க்காவிட்டால் ஊரிலேயே இருக்கப்போகும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, ஸ்னோ எமர்ஜென்சி குறுஞ்செய்திக்கு அவருடைய எண்ணையும் பதிந்துவிட்டு விமானம் ஏறுங்கள்.