'ரன்' என்னும் வினைச்சொல்: பட்டியலா, மூலக்கருத்தா, சேர்க்கையா?

ஆங்கிலத்தின் 'ரன்' என்னும் வினைச்சொல்லைக் கடலூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆனால் அதைப் பிழையின்றி எழுதப் பட்டதாரிகளும் தடுமாறுகிறார்கள். இதில் வியப்புக்கு இடமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் 'செட்'. அந்த அகராதியைத் திருத்தி எழுதும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2011இல் 'ரன்' அந்த இடத்துக்கு வந்தது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்களை அகராதியார் பிரித்துக் காட்டினர். இத்தனையையும் எண்ணி மனப்பாடம் செய்த ஆங்கிலேயர் எவரும் இருக்க முடியாது. ஆகவே, தமிழ் வழியில் படித்து வந்த ஒருவர் இந்தச் சொல்லை எந்த வழியில் கற்றால் அது கைவசமாகும் என்பதே உண்மையான கேள்வி. நம் பக்கத்து வகுப்பறைகளிலும் பாடநூல்களிலும் அகராதிகளிலும் புழங்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்; மூன்றுக்கும் வலிமை உண்டு, ஆனால் மூன்றும் சமமானவை அல்ல.

முதலாவது பட்டியல் முறை. குறிப்பேட்டின் இடப்பக்கம் 'ரன்' என்று எழுதி, வலப்பக்கம் ஓடு, நடத்து, இயங்கு, ஒழுகு, பரவு, நீள் என்று தமிழ்ப் பொருள்களை அடுக்கிப் படிப்பது இது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற பெருநூல்கள் முதல் பேருந்து நிலையத்தில் விற்கும் சிறு கையேடுகள் வரை, அடிப்படை அமைப்பு இதுதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒன்றைப் படித்துப் பொருள்கொள்ளும்போதோ தமிழில் பெயர்க்கும்போதோ இந்த முறை நன்றாகவே உதவுகிறது. வாக்கியம் கண்முன் இருக்கிறது, இடமும் தெரிகிறது, பட்டியலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு நீண்ட பட்டியல் குறுகிய பட்டியலைவிட என்றும் மேலானது.

திசை மாறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்ல முனைகிறவருக்கு, யார் எதை 'ரன்' செய்யலாம் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் பண்ருட்டிக்கும் பேருந்துகள் ஓயாமல் போய்வரும் ஊர் இது. பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகன், 'அப்பா பஸ் ஓட்டுகிறார்' என்பதை 'மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்' என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணத்தில் குறையில்லை, பட்டியலிலும் 'ஓட்டு' என்ற பொருள் இருக்கும். ஆனால் இதைப் படிக்கும் ஆங்கிலேயர், அந்தப் பையனின் தந்தை சொந்தமாகப் பேருந்து வைத்துத் தொழில் நடத்துகிறார் என்றே புரிந்துகொள்வார். வண்டியின் சக்கரத்தைப் பிடிப்பவருக்கு 'டிரைவ்'; அந்த வழித்தடத்தில் வண்டி போய்வர ஏற்பாடு செய்யும் போக்குவரத்துக் கழகத்துக்கோ உரிமையாளருக்கோதான் 'ரன்'. திருவிழாக் காலத்தில் 'சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன' என்று நம் செய்தித்தாள்கள் எழுதும்போது, அந்த 'இயக்கு' என்ற சொல்தான் இங்கே சரியான இணை.

இந்தக் குழப்பத்துக்கு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. தமிழ், தன்வினையையும் பிறவினையையும் சொல்லின் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது: ஓடு, ஓட்டு, நட, நடத்து. ஆங்கிலத்தின் 'ரன்' வடிவம் மாறாமல் இரண்டு பணியையும் செய்கிறது. பேருந்தும் 'ரன்' ஆகிறது, பேருந்தை நடத்துகிற நிறுவனமும் 'ரன்' செய்கிறது. பட்டியலில் இந்த இரண்டும் அருகருகே, எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கின்றன.

இரண்டாவது மூலக்கருத்து முறை. ஒரு சொல்லின் பல பொருள்களும் ஒரே மையத்திலிருந்து கிளைத்தவை, மையத்தைப் பிடித்துக்கொண்டால் கிளைகள் தாமே விளங்கும் என்பது இதன் அடிப்படை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் 1987இல் 'ஓவர்' என்னும் ஆங்கிலச் சொல்லை இவ்வாறு விரித்துக் காட்டிய பிறகு, மொழி கற்பிப்போரிடையே இந்தப் பார்வைக்கு மதிப்புக் கூடியது. 'ரன்' என்ற சொல்லுக்கு மையம், தடையில்லாமல் தொடர்ந்து செல்லும் அசைவு. மனிதன் ஓடுவதும், கெடிலத்தில் நீர் ஓடுவதும், கிணற்றடியில் மோட்டார் ஓடுவதும், திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுவதும் இந்த ஒரே மையத்தில் அடங்கிவிடுகின்றன. தமிழருக்கு இதில் தனி வசதி இருக்கிறது: நம் 'ஓடு' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே வழியில்தான் கிளைத்திருக்கிறது. மேற்சொன்ன நான்கையும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு தமிழ் மாணவர் சரியாகச் சொல்லிவிடுவார். மனத்தில் நிற்கும் ஆற்றலில், பட்டியலைவிட இந்த முறை எத்தனையோ மடங்கு மேல்.

ஆனால் இதன் ஆபத்தும் அந்த வசதியிலேயே இருக்கிறது. 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்பதை 'ரன்' போட்டு ஆங்கிலத்தில் சொன்னால் எவருக்கும் விளங்காது. எதிர்ப்பக்கத்தில், சளி பிடித்தவரின் மூக்கு ஆங்கிலத்தில் 'ரன்' ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துவைத்த புடவையின் சாயம் அங்கே 'ரன்' ஆகிறது, இங்கே போகிறது. தேர்தலை எடுத்துக்கொண்டால் மூலக்கருத்து முறை முற்றிலும் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்க வேட்பாளர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டன் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம் வேட்பாளரும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார். இந்திய ஆங்கில நாளிதழ்களோ 'கன்டெஸ்ட்' என்று எழுதுகின்றன. ஓடுவதும் நிற்பதும் ஒரே செயலைக் குறிக்க முடியும் என்றால், எந்த மையத்திலிருந்தும் இதை முன்கூட்டி ஊகித்திருக்க இயலாது. நடந்தபின் விளக்கம் தரலாம், அவ்வளவே.

புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு படித்த மாணவர்களுக்கு இந்த உண்மை எளிதில் பிடிபடுவதைக் காணலாம். ஓடு என்பதற்குப் பிரெஞ்சில் 'கூரிர்' என்ற சொல் இருந்தும், இயந்திரம் வேலை செய்வதைச் சொல்ல அவர்கள் நடப்பதைக் குறிக்கும் 'மார்ஷே' என்ற சொல்லைக் கொள்கிறார்கள். கடையை நடத்துவதற்குப் பிடித்திருத்தலைக் குறிக்கும் 'தெனீர்' வருகிறது. மூக்குக்கோ, நம்மைப் போலவே, நீர் ஒழுகுவதற்குரிய சொல். ஆனால் ஆபத்தை எதிர்கொள்வதை மட்டும் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒன்றுபோல ஓடுதலாகச் சொல்கின்றன. மூன்று மொழிகளிலும் ஓடுவது ஓடுவதுதான். கிளைகளை ஒவ்வொரு மொழியும் தன் பழக்கத்தின்படி ஒதுக்கிக்கொள்கிறது. இரண்டு அயல்மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற மாணவர், மையத்தைக் கொண்டு எல்லாவற்றையும் ஊகிக்க முயல மாட்டார்.

மூன்றாவது சேர்க்கை முறை. என் உறுதியான சாய்வு இதன் பக்கம்தான். ஒரு சொல்லை அது சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு அறியலாம் என்று லண்டனில் பேராசிரியராயிருந்த ஜே.ஆர். ஃபர்த் 1957இல் எழுதியதை மொழியியலார் அடிக்கடி மேற்கோள் காட்டுவர். நமக்கு இது புதுச் செய்தியன்று. பல பொருள் ஒரு சொல்லைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், அதன் பொருள் வேறுபட்ட வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்று கிளவியாக்கம் என்னும் இயலில் விதி செய்திருக்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. அங்கே பெயரின் பொருளை வினை தெளிவாக்குகிறது. ஆங்கில 'ரன்' போன்ற சொற்களில் வினையின் பொருளைப் பெயர்கள் தெளிவாக்குகின்றன. திசை மாறினாலும் நெறி அதுவே.

நம் 'அடி' என்னும் வினையை எண்ணிப் பார்த்தால் இந்த நெறியின் வலிமை விளங்கும். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், கைப்பம்பில் தண்ணீர் அடிக்கிறார்கள், பையன் கண் அடிக்கிறான். இவற்றைப் பட்டியல் போட்டு யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. 'அடி' என்பதன் மையம் எது என்றும் விளக்கவில்லை. வெயிலோடு அடி, மழையோடு பெய் என்று சேர்த்துச் சேர்த்தே காதில் விழுந்தது, அப்படியே நின்றுவிட்டது.

ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் இந்த வழிக்கு வந்து நெடுங்காலமாகிறது. ஜப்பானில் ஆசிரியராயிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, வினைச்சொற்கள் வாக்கியத்தில் அமையும் வகைகளைக் குறித்துக் காட்டித் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாயிற்று. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கில வாக்கியங்களின் தொகுப்பைக் கொண்டு உருவாகி 1987இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே சென்று, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது: நீங்கள் ஒரு கடையை 'ரன்' செய்தால் அதன் பொறுப்பு உங்களுடையது என்னும் பாங்கில் அமைந்த விளக்கங்கள் அவை. யார், எதை என்ற இரண்டும் விளக்கத்திலேயே வந்துவிடுவதால், பேருந்து ஓட்டுநர் மகனுக்கு நேர்ந்த பிழை இங்கே நேர வழியில்லை.

குறிப்பேட்டில் இதைச் செய்வது எளிது. 'ரன்' என்று தலைப்பிட்ட பக்கத்தில், முன்னும் பின்னும் வருவதை வைத்துக் கூட்டம் கூட்டமாக எழுத வேண்டும். ஆள் முன்னே, கடை, ஹோட்டல், பள்ளி, முகாம் பின்னே வந்தால் நடத்துதல். பின்னே வருவது டெம்பரேச்சர் என்றால் காய்ச்சல் அடித்தல். சாலையோ வேலியோ எழுவாயானால் அது இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை போகிறது என்பது பொருள். பெயரடை பின்தொடர்ந்தால் இன்னொரு வகை: கிணறு 'ரன் டிரை' ஆனால் வற்றுகிறது, இருப்பு 'ரன் லோ' ஆனால் குறைகிறது. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கும்போது ஆங்கிலத்தில் 'ரன்னிங் லேட்' என்கிறார்கள். வண்டி வழியில் எங்கோ நின்றுகொண்டிருந்தாலும் அது 'ரன்னிங் லேட்'தான். வீட்டில் இன்னும் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும் மனிதரும் தம்மை அப்படியே சொல்லிக்கொள்ளலாம். இங்கே ஓட்டம் என்ற கருத்துக்கே வேலையில்லை; 'லேட்' என்ற சொல்லோடு சேர்ந்த சேர்க்கைதான் பொருளைத் தருகிறது.

இந்த முறையின் குறை, அது மெதுவானது என்பது. ஒரே மாதத்தில் தேர்வு எழுதவிருப்பவருக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம். அவர் பட்டியலோடு போகட்டும், கேள்வித்தாளில் வாக்கியம் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூலக்கருத்து போதும். ஆறு, மோட்டார், பேருந்து, படம் என்று தமிழோடு ஒத்துப்போகும் இடங்களை மட்டும் காட்டி அங்கேயே நிறுத்திவிடலாம். வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வேண்டியவர்கள், எவ்வளவு தாமதமானாலும் சேர்க்கை முறைக்கு வந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

'அவுட்', 'இன்டு', 'ஓவர்' போன்ற சிறுசொற்கள் ஒட்டும் இடங்களில் மற்ற இரண்டு முறைகளும் அறவே பயன்படுவதில்லை. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது 'ரன் இன்டு'. வண்டி ஒருவர் மேல் ஏறிவிடுவது 'ரன் ஓவர்'. சில்வர் பீச்சில் கிரிக்கெட் ஆடும் சிறுவர் எல்லாருக்கும் 'ரன் அவுட்' பழக்கமானது. பந்து விக்கெட்டில் படும் நேரத்தில் ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே இருப்பதோடு சேர்த்தே அதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள், எவரும் பிழையாகச் சொல்வதில்லை. வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோவதும் ஆங்கிலத்தில் 'ரன் அவுட்'தான். அங்கே கேஸ் எழுவாயானால் அந்த இரண்டு சொற்களே போதும். நாம் எழுவாயானால் 'ஆஃப்' (of) சேர்த்து, தீர்ந்த பொருளை அதன் பின்னே வைக்க வேண்டும். குறிப்பேட்டில் இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்த வரிகளில், கிரிக்கெட் வாக்கியத்துக்குக் கீழேயே எழுதிக்கொள்வது நல்லது.