காங்கேசன்துறைக் காணிக்கு எல்லைக்கல் தேடித் தந்த நில அளவையாளர்

கீரிமலை வீதிப் பக்கம் எங்களுக்கு ஆறு பரப்புக் காணி. 1990இல் போரால் விட்டுவிட்டு ஓடினோம். இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபின் போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, கிணற்றுக்கட்டும் இல்லை. தெல்லிப்பழையில் இருக்கும் ஒரு நில அளவையாளரிடம் வேலையைக் கொடுத்தேன்.

அவர் முதலில் கருவியைத் தொடவில்லை. அப்பு எழுதுவித்த காணி உறுதிப் பத்திரத்தை விரித்து, எல்லைகளை உரக்க வாசித்தார். கிழக்கே ஒழுங்கை, தெற்கே இலுப்பையடி வளவு. இலுப்பை எங்கே? பற்றையை வெட்டி உள்ளே போய், தூர்ந்த கிணற்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்தார். முழங்கால் ஆழத்தில் ஒரு கல் தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்தால், அப்புவின் முதல் எழுத்து. என் கை நடுங்கிவிட்டது.

அவர் அளந்து வரைந்து தரும் காணி வரைபடம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிது என்றால், கனடாவிலிருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி சுண்ணாம்புச் சூளை போடப் பணம் வைத்திருந்தான். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையே இந்தச் சுண்ணக்கல்லை நம்பித்தான் இங்கே வந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணுக்குள் இருக்கும் கனியம் அரசுக்குச் சொந்தம்; அது அவனுக்குத் தெரியும், அதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்கலாம் என்றான். மேலே இருக்கும் காணியே நாளை யாருடையது என்பதுதான் அவன் கேள்வி. 2013 ஏப்ரலில் எங்கள் பகுதியான வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத்துக்கென அரசு சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். 2025 மார்ச்சில் அரசின் வர்த்தமானி அறிவித்தல் (அரசிதழ்) ஒன்று: வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. எங்கள் துண்டு அதில் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவன் காத்திருக்கவில்லை, பின்வாங்கிவிட்டான். வர்த்தமானி பிறகு மீளப்பெறப்பட்டது; ஆனால் அவன் போடவிருந்த பணம் திரும்பவும் இந்தப் பக்கம் வரவில்லை. (ஆழமாகக் கல் கிண்டினால் கிணறுகள் உவராகும் என்று நானும் பயந்தவன்தான். ஆனால் அதை ஊர் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.)

அளவையாளரின் கட்டணம் நியாயம், பற்றுச்சீட்டும் தந்தார். குறை ஒன்று: பத்து நாளில் தருவதாகச் சொன்ன வரைபடம் ஐந்து கிழமை எடுத்தது, நான்கு தடவை தொலைபேசி எடுத்தேன். ஆனாலும் அயலவர் இருவரையும் வரவழைத்து, அவர்கள் கண்முன்னே கல் நாட்டினார். அந்த அக்கறைக்காகவே திரும்பவும் அவரிடம்தான் போவேன்.

போகிறவர்கள் மூல உறுதியையே கொண்டு போங்கள். போட்டோகொப்பியில் எல்லைப் பெயர்கள் மங்கிவிடும்.