ப்ளோவரை ஓட்டும் ஏஐ: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் அம்மோனியா சென்சாருக்கு மெம்பரேன் (முனைச் சவ்வு) மாற்றி, டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோவர்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏஐ கன்ட்ரோலை நேற்றுதான் மறுபடி ஆட்டோவில் போட்டோம். இன்னொரு பிளான்ட்டில் இருக்கும் நண்பர், “வருஷக்கணக்கா ஓட்டுறீங்களே, வாங்கலாமா?” என்று கேட்கிறார். விற்க வருபவர் காட்டும் ஸ்லைடுகளில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

கழிவுநீர் சுத்திகரிப்பில் ஏறக்குறைய பாதி கரன்ட்டை, அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று கொடுக்கும் ஏரேஷன் டேங்க் ப்ளோவர்களே தின்றுவிடும். வைத்த அளவை மாறாமல் காக்கும் பழைய பிஐடி கன்ட்ரோல், டிஓவை (நீரில் கரைந்த ஆக்சிஜனை) லிட்டருக்கு 2 மில்லிகிராமில் பிடித்து வைக்கும். நடுராத்திரி லோடே இல்லாவிட்டாலும் அதே 2 தான். ஏஐயோ உள்ளே வரும் ஃப்ளோவையும் அம்மோனியாவையும் பார்த்து, ராத்திரியில் 1-க்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. காலை லோடு டேங்குக்கு வந்து சேரும் முன்பே ப்ளோவர் சத்தம் ஏறத் தொடங்கும். கைதேர்ந்த ஆபரேட்டர் செய்கிற வேலை அது, சும்மா சொல்லக்கூடாது.

எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் கிடைத்தது. ரீசர்குலேஷன் வழியாக (திருப்பி அனுப்பும் நீரோடு) காற்று ஊதாத அனாக்சிக் டேங்குக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்ததால், பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் டீநைட்ரிஃபிகேஷன் நன்றாக நடக்கிறது. வெளியேறும் நீரில் நைட்ரேட் இறங்கியது. விற்கும்போது இதை யாரும் சொல்லவே இல்லை.

இனி எரிச்சல். டிஓ சென்சார் முனையில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். போதாததற்குத் தலைமுடியும் கந்தல் நூலும் கேபிளைச் சுற்றிக்கொள்ளும். படலத்தில் இருக்கும் பாக்டீரியாவே ஆக்சிஜனைத் தின்பதால் ரீடிங் குறைவாகக் காட்டும். டேங்க் கொப்பளித்துக்கொண்டிருக்கும், ஏஐயோ காற்று போதவில்லை என்று ப்ளோவரை முழு வேகத்தில் முடுக்கும். ஸ்கிரீனில் அப்போதும் பச்சை விளக்கு. கம்பியைத் தூக்கி ஈரத்துணியால் துடைத்தால் ரீடிங் எகிறும், ப்ளோவர் தணியும். இத்தனை கணக்குப் போடத் தெரிந்த சாஃப்ட்வேருக்கு, பக்கத்து டேங்க் சென்சாரோடு ஒப்பிட்டு ‘இது பொய் சொல்கிறதோ’ என்று சந்தேகப்படத் தெரியாதா? கேட்டால், “டேட்டா குவாலிட்டி உங்க பொறுப்பு சார்” என்கிறார்கள். சந்தேகப்படும் மாட்யூல் தனியாக இருக்கிறதாம். அதற்குத் தனிக் காசு.

அம்மோனியா சென்சார் இன்னும் மோசம். நீரில் பொட்டாசியம் இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும். லேப் ரிசல்ட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

‘கார்பன் குறைப்பு’ என்று அடிக்கடி ரிப்போர்ட் வருகிறது. அதில் இருப்பது மிச்சமான கரன்ட் யூனிட் கணக்கு மட்டும். காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வெப்பத்தைக் கூட்டும். கரன்ட் மிச்சத்தால் வந்த கார்பன் லாபத்தை அது ஒரே மூச்சில் விழுங்கிவிடலாம். நம் டேங்கில் அதை அளக்க ஒரு கருவியும் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் பச்சை இலைப் படம். காற்று குறைந்தால் இழை பாக்டீரியா வளர்ந்து ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) படியாமல் மிதக்கும் தொல்லை வேறு. அதனால் டிஓ இறங்கக்கூடிய அடிமட்டத்தை நானே பூட்டி வைத்திருக்கிறேன். ஸ்லட்ஜ் எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் 30 நிமிட சிலிண்டர் டெஸ்ட்டையும் நிறுத்தவில்லை.

நண்பருக்கு என் பதில்: இப்போது வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல ஆப்டிகல் டிஓ சென்சார், தானே சுத்தம் செய்யும் ஏர் ஜெட், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடுங்கள். பெரிய ப்ளோவர் ஒன்றுதான் இருக்கிறது, அதன் வேகம் இறங்காது என்றால் ஏஐ வந்தும் பிரயோஜனமில்லை. எங்களுடையதைக் கழற்றித் தரச் சொல்லாதீர்கள், தரமாட்டேன்.